மௌன விதி

செப்டம்பர் 6

ஸ்டுடியோ மேனேஜர் ஜெரால்டு இன்று புதுத் தொடரின் பென் டிரைவைக் கொடுத்தனுப்பினார். வெளிநாட்டு விண்வெளித் தொடர், பன்னிரண்டு பாகம், மொழிமாற்று வசனம் நான்தான் எழுத வேண்டும். தமிழில் 'நெடுவான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "அவசரமே இல்ல மேடம், முதல் பாகம் மட்டும் நாளைக்குக் கொடுத்துடுங்க" என்றார். அவருடைய அவசரமின்மை எனக்குப் பழக்கம்தான்.

மாலையில் வழக்கம்போல் நானும் என் வீட்டுக்காரரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிடுவோம். நான் எழுதிய தமிழ் வசனத்தில் பெண்கள் பேசுவதை நான் படிப்பேன், ஆண்கள் பேசுவதை இவர் படிப்பார். திரையில் உதடு ஒட்டுகிற இடத்தில் தமிழிலும் ப, ம என்று ஏதாவது வரவேண்டும். வராவிட்டால் இவர் கையைத் தூக்கிவிடுவார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த மனிதருக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்ததோ, ஸ்டுடியோவில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குக்கூட இல்லை.

கதை இதுதான். அடேரா என்ற பெண் கேப்டன் தன் விண்கலத்தோடு ஒரு சின்னக் கிரகத்தில் இறங்குகிறாள். அங்கே உள்ளவர்கள் கலத்தின் வெளிச்சத்தைப் பார்த்து மண்டியிட்டு 'வானத்தாயே' என்று கும்பிடுகிறார்கள். அவர்களுடைய கிழத் தலைவன் பெயர் ஓரன். ஓரனுக்கு இவர்தான் குரல் கொடுத்தார், இரண்டு வரி படித்துவிட்டு நிறுத்தினார்.

"டார்ச் அடிச்சவங்களெல்லாம் சாமியா? அப்படிப் பார்த்தா நைட் டூட்டியில நான் எத்தனை தடவை சாமியா இருந்திருக்கேன்!"

"உங்க பேரே நமசிவாயம்தானே."

"அது எங்கப்பா பண்ணின தப்பு. நான் என்ன பண்ணட்டும்?"

இரவு அரை தோசைதான் சாப்பிட்டார். மேல் வயிற்றில் வலி, முதுகுவரை போகிறதாம். நாளை மறுநாள் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 14

ஸ்கேன் முடிவு வந்தது. மூத்தாரும் வந்திருந்தார். இவருடைய அண்ணன் சதாசிவம், துணை கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், உத்தரவு போடுவதிலிருந்து இல்லை. டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நாங்கள் இருவரும் வெளியே உட்கார்ந்து, எதிரே ஒரு குழந்தை பிஸ்கட்டைத் தண்ணீரில் கரைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூத்தார் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "ஒண்ணுமில்லடா, கணையத்துல கொஞ்சம் வீக்கம். மாத்திரையிலேயே சரியாயிடும்."

"வீக்கம்தானே?" என்றார் இவர்.

"வீக்கம்தான். ஃபைல் என்கிட்டயே இருக்கட்டும், நீ எங்கயாவது தொலைச்சுடுவே."

அப்பாடா என்று இருந்தது. வரும் வழியில் காபி சாப்பிட்டோம்.

செப்டம்பர் 15

முருங்கைக்கீரை பறித்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொண்டு போ என்று மூத்தார் போன் செய்தார். போனேன். கொல்லையில் மரத்தடியில் நிற்க வைத்துச் சொன்னார்.

வீக்கம் இல்லை. கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. அறுத்து எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டதாம். பொங்கலைப் பார்ப்பானா என்று மூத்தார் கேட்டதற்கு டாக்டர் பதிலே சொல்லவில்லையாம்.

"கற்பகம், இது நம்ம ரெண்டு பேரோட நிக்கணும். எங்கப்பாவுக்கு முகத்துக்கு நேரா சொன்னாங்க. அன்னிக்குப் படுத்தவர் எழுந்திருக்கலை. ராவும் பகலும் 'நான் சாகப்போறேன், நான் சாகப்போறேன்'னு அதையேதான் சொல்லிகிட்டு இருந்தார். என் தம்பி அப்படிச் சாகக் கூடாது."

"வேனிலுக்கு?"

"அவளுக்கும் வேண்டாம். சொன்னா மெல்போர்ன்லேர்ந்து அழுதுகிட்டே வந்து நிப்பா. பொங்கலுக்கு வர வேண்டியவ இப்ப ஏன் வந்தான்னு அவன் யோசிக்க மாட்டானா? எல்லாம் வெளிய வந்துடும்."

எங்களுக்கு இருப்பது ஒரே மகள், இளவேனில். ரகசியம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அவள் தன் அப்பாவைப் பார்க்க வரக் கூடாது. எனக்கு அது அப்போதே உறைத்தது. ஆனாலும் "சரிங்க மாமா" என்றேன். ஏன் சொன்னேன் என்று எழுதிவிடுகிறேன். அதை இவரிடம் சொல்ல வேண்டியவள் நான் இல்லை என்று ஆனதில் எனக்கு ஒரு நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் "கீரை வாங்க இவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

"மாமா வீட்டு அக்காவோட பேசிகிட்டே ஆஞ்சுட்டேன்" என்றேன். அவர் பையைத் திறந்து பார்த்தார். கீரை காம்போடு அப்படியே இருந்தது. எடுத்து ஆய உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 16

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தேன்.

செப்டம்பர் 27

மூன்றாம் பாகம். பாழாய்ப்போன கதை எங்கே வந்து நிற்கிறது பார். அந்தக் கிரகத்தின் சூரியன் வீங்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச காலத்தில் கிரகத்தையே விழுங்கிவிடும். விண்கலத்தில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும், கீழே உள்ளவர்களுக்குத் தெரியாது. அவர்கள் விதைக்கிறார்கள், குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள், அடேராவுக்குக் கோயில் கட்டுகிறார்கள். கேப்டன்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. கீழே இருப்பவர்களுக்குத் தெரியாத எதையும் மேலே இருப்பவர்கள் சொல்லக் கூடாது. தமிழில் அதற்கு 'மௌன விதி' என்று போட்டேன்.

"ஏன் சொல்லக் கூடாதாம்?" என்று கேட்டார்.

"பயந்துடுவாங்களாம். இருக்கிற நாளும் கெட்டுப்போகுமாம்."

"அதை இவளே முடிவு பண்ணிட்டாளா?"

"மேலிடத்து உத்தரவு."

"அப்ப அவ சாமி இல்ல கற்பகம். தெரிஞ்சும் சொல்லாதவ ஆபீசர். நான் நிறைய பேரைப் பார்த்திருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அடுத்த வரியைப் படிக்க வரவில்லை, கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

தெரியாமல் பேசுகிறார், பாவம்.

அக்டோபர் 8

கண்ணில் மஞ்சள். பித்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லிச் சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். மூத்தார் திருநீறு கொண்டுவந்து நெற்றியில் பூசினார். முப்பது வருடமாகக் கோயிலுக்குள் வராமல் வாசலில் செருப்புக்குக் காவல் நின்ற மனிதர், பேசாமல் நெற்றியைக் காட்டினார். கேட்டதற்கு "அண்ணனுக்கு அதுல ஒரு திருப்தி. எனக்கென்ன நஷ்டம்?" என்றார். உடம்பு தளர்ந்தால் பிடிவாதமும் தளரும்போல.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு மோட்டார் சுவிட்சு, மாடித் தொட்டி வால்வு, கேஸ் ரெகுலேட்டர் எல்லாம் எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். "இதெல்லாம் எனக்கெதுக்கு, நீங்க இருக்கீங்களே" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கவனிக்கவில்லை. "சும்மா தெரிஞ்சு வெச்சுக்க, எனக்குக் குனிய முடியலை" என்றார். வால்வு எனக்கு வரவே இல்லை, புடவையெல்லாம் தண்ணீர்.

அக்டோபர் 20

தீபாவளி. அதிரசம் செய்தேன், இவர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுப் பிரமாதம் என்றார். மிச்சத்தைக் காக்கைக்கு வைத்ததைப் பார்த்துவிட்டேன்.

வேனிலோடு வீடியோவில் பேச மாடிக்குப் போனார். படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். கூடத்திலேயே பேசுங்களேன் என்றால், மாடியில்தான் சிக்னல் நன்றாக இருக்கிறதாம். வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. வெடிப் புகை என்றார். தெருவே புகைதான்.

பிறகு வேனில் என்னோடு பேசினாள். சிரித்துச் சிரித்துப் பேசினாள். அவளுக்கு மூக்கடைத்திருந்தது, ஜலதோஷமாம். நானும் சிரித்தேன். "அப்பா இளைச்சுட்டாராம்மா?" என்று கேட்டாள். "டயட்ல இருக்கார்" என்றேன். எனக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

நவம்பர் 5

ஒன்பதாம் பாகம். இன்று செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன்.

ஓரன் அடேராவிடம் கேட்கிற காட்சி. அவன் கிழவனே தவிர முட்டாள் இல்லை. சூரியன் பெரிதாகிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டான். 'வானத்தாயே, எங்களுக்கு இன்னும் எவ்வளவு காலம்?' என்கிறான். அடேரா திரும்பி நின்றுகொள்கிறாள், பதில் இல்லை. அவளுடைய முதுகு மட்டும்தான் திரையில் தெரிகிறது, வெகுநேரம்.

மொழிமாற்று வசனம் எழுதுகிறவர்களுக்கு முதுகு பெரிய வரம். உதடு தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம், யாரும் கண்டுபிடிக்க முடியாது. மூலத்தில் இல்லாததை ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது என்று சேனல் சொல்லியிருக்கிறது. நான் சேர்த்தேன். 'கொஞ்ச காலம்தான் ஓரன். உன் மகளைக் கூப்பிட்டுக்கொள்' என்று அடேராவுக்கு எழுதினேன்.

இவர் புரிந்துகொண்டால் புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். நேரே சொல்லத் துப்பில்லாதவள் ஒரு வெளிநாட்டுக்காரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஓரனின் கேள்வியை இவர் படித்தார். என் முறை வந்தது, படித்தேன். இவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

"அங்க அவ பேசலையே."

"முதுகுதானே தெரியுது."

கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம் கற்பகம், எடுத்துடு. அந்தப் பொண்ணு எவ்வளவு கஷ்டப்பட்டுத் திரும்பி நிக்குது பாரு. அது சொல்ல வேண்டாம்."

"அன்னிக்கு ஆபீசர்னு திட்டினீங்களே?"

"திட்டினேன். இப்ப பார்த்தா பாவமா இருக்கு."

அந்த வரியை அடித்துவிட்டேன். இவருக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை. நல்லதற்குத்தான் என்று தேற்றிக்கொள்கிறேன். பிறகு வெந்நீர் வைத்துக் கால் பிடித்துவிட்டேன், பாதம் வீங்கியிருக்கிறது.

நவம்பர் 12

கஞ்சி மட்டும்.

மூத்தாரிடம் கேட்டேவிட்டேன். "மாமா, வேனிலை வரச் சொல்லிடட்டுமா?"

"பொங்கலுக்கு வராளே."

"பொங்கல் வரைக்கும்..."

"அபசகுனமா பேசாதே! இவ்வளவு தூரம் கட்டிக் காப்பாத்தியாச்சு. இப்ப போய்க் கெடுத்துடாதே. அவன் முகத்தைப் பாரு, எவ்வளவு நிம்மதியா இருக்கான். நமக்கு வேற என்ன வேணும்?"

அவர் சொல்வதும் பொய்யில்லை. இவர் நிம்மதியாகத்தான் இருக்கிறார். அண்ணனைப் பார்த்தால் ஜோக் அடிக்கிறார். எனக்குத்தான் அவர் சிரிக்கிறபோதெல்லாம் எழுந்து ஓட வேண்டும்போல் இருக்கிறது. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று கொத்தமல்லி விலையைப் பற்றிக்கூடப் பேசினோம்.

நவம்பர் 18

மனசு கேட்கவில்லை. இவர் தூங்கும்போது பின்கட்டுக்குப் போய் வேனிலுக்குப் போன் செய்தேன். விதியாவது உத்தரவாவது.

"வேனில், உடனே கிளம்பி வா. அப்பாவுக்கு... நான் உன்கிட்ட மறைச்சுட்டேன்டா."

அந்தப் பக்கம் ஒரு பெரிய அழுகை. "உனக்குத் தெரியுமாம்மா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியுமா?"

"உனக்குத் தெரியாதுன்னுதான் அப்பா சொன்னார். ஸ்கேன் முடிவு வந்த அன்னிக்கே ஆஸ்பத்திரிலேர்ந்து ரிப்போர்ட்டை அப்பா செல்லுக்கு அனுப்பிட்டாங்கம்மா. அவர் அப்பவே படிச்சுட்டார். தீபாவளியன்னிக்கு என்கிட்ட சொன்னார். பெரியப்பா நம்ம எல்லார்கிட்டயும் மறைக்கிறார், அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரிஞ்சா தாங்க மாட்டா, நீ இப்ப வந்தா அவ கண்டுபிடிச்சுடுவா, பொங்கல் வரைக்கும் நான் இழுத்துப் பிடிச்சுகிட்டு இருக்கேன்னு சத்தியம் வாங்கிட்டார்மா."

துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபைலைக் கக்கத்தில் வைத்துப் பூட்டிக் காத்தார் துணை கலெக்டர். அது குறுஞ்செய்தியாக இவர் சட்டைப் பையில் வந்து விழுந்திருக்கிறது. காபி குடிக்கும்போதே தெரிந்திருக்குமோ? வால்வு சொல்லிக்கொடுத்தபோது தெரிந்திருக்கிறது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்திருக்கிறது. எனக்காக என்னிடம் மறைத்திருக்கிறார். அவருக்காக நான் அவரிடம். அட கடவுளே, இரண்டு மாதம்! மடியில் தலையை வைத்து அழுதிருக்கலாமே. ஒரு தடவையாவது.

வேனில் டிக்கெட் பார்க்கிறாள். நாளைக் காலையில் முதல் வேலையாக இவரிடம் பேசிவிடுவேன்.

நவம்பர் 19

விடியும்போதே காய்ச்சல். குளிர் தூக்கிப் போட்டது. ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழாய் அடைத்துக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். பேச்சு குழறுகிறது. பழைய எக்ஸ்சேஞ்ச் நினைப்பில் நர்சைப் பார்த்து "டிரங்க் கால் கிடைச்சுதா?" என்கிறார்.

மூத்தார் மருந்து வாங்கக் கீழே போனார். திரையை இழுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்னங்க, உங்களுக்கு எல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்ங்க. மாமா அப்பவே எனக்குச் சொல்லிட்டார். நான் உங்ககிட்ட மறைச்சேன், நீங்க என்கிட்ட மறைச்சீங்க. வேனில் வந்துகிட்டிருக்கா. போதுங்க. இனிமே பேசலாம்."

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரமப்பட்டுக் கையைத் தூக்கினார்.

"நீளமா இருக்கு கற்பகம். அந்தப் பொண்ணு அவ்வளவு நேரம் வாயத் திறக்கலை. பாதி வெட்டு."

எனக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "எதை வெட்டட்டும்?" என்றேன்.

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "கடைசி மட்டும் வெச்சுக்க. இனிமே பேசலாம்."

அப்புறம் தூங்கிவிட்டார். மூத்தார் மருந்தோடு வந்து, "பாரு, எவ்வளவு அமைதியா தூங்கறான்" என்றார்.

நவம்பர் 21

வேனில் வந்தாள். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே இங்கேதான். "அப்பா, நான் வந்துட்டேன்பா" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இமை ஒருமுறை அசைந்தது என்கிறாள். நான் பார்க்கவில்லை. அசைந்தது என்றுதான் வைத்துக்கொள்கிறோம்.

மத்தியானம் போய்விட்டார்.

நவம்பர் 29

ஜெரால்டு வந்தார். மிச்சப் பாகங்களை வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கொடுத்துவிடுங்கள் என்றேன். யாருமில்லாமல் எப்படி எழுதுவது?

டிசம்பர் 6

பதினாறாம் நாள் காரியம். இவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று வேனில் சொல்லிப் பார்த்தாள். மூத்தார் கேட்கவில்லை, நானும் சண்டைக்குப் போகவில்லை. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் மூத்தார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உறவுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். இந்தச் சில நாளில் ரொம்பக் கிழடு தட்டிவிட்டது. சட்டைப் பொத்தானைத் தப்பாக மாட்டியிருந்தார்.

"எங்கப்பா மாதிரி என் தம்பி பயந்து சாகலை. கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாம பார்த்துக்கிட்டோம், நானும் கற்பகமும். சிரிச்ச முகமாத்தான் போனான். என்னால அவனுக்குச் செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு துண்டை எடுத்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தார்.

"அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்லம்மா?"

வேனில் என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் வாயைத் திறப்பது தெரிந்தது. அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"தெரியாதுங்க மாமா" என்றேன்.

வேனில் கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். "இன்னுமாம்மா? இன்னும் எதுக்கும்மா பொய்?" என்று கத்தினாள். சமையல்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.

மூத்தார் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு அவளிடமும் அதையே கேட்டார். அவளும் தெரியாது என்றுதான் சொன்னாள்.